ஏத்தம் ஏறிப் பார்த்தவர்

"நடங்க" என்று சொல்லிச் சொல்லியே என் வாய் தேய்ந்துபோனது. கீழே சமவெளியில் வேலை பார்த்த காலம் முழுக்க அதுதான் என் பிழைப்பு. காலையில் நடங்க, உப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க. எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். அடுத்த மாதம் அதே தொப்பை, அதே பி.பி., அதே தலையாட்டல். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. "நடந்தீங்களா?" என்று கேட்டால், "எங்கீங்க நேரம்?" என்பார்கள். "டீக்கடையில காலாட்டிட்டு உக்கார மட்டும் நேரம் இருக்குதா?" என்று கத்திவிடுவேன். கத்தி முடித்ததும் எனக்கே படபடவென்று வரும். நானும் பி.பி. மாத்திரை போடுகிறவள்தான். நானும் நடப்பதில்லை. குவார்ட்டர்ஸிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவதும் போவதும்தான் என் நடை. அதற்கே முழங்கால் முனகும்.

அதனால் கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது சுற்றத்தார் எல்லாம் "ஐயோ பாவம்" என்றார்கள், எனக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மலைக்காரர்களிடம் போய் நடங்க என்று சொல்ல வேண்டியதில்லையே! பொழுது விடிந்தால் மேடு ஏறுகிறார்கள், பள்ளம் இறங்குகிறார்கள், தலையில் சுமை, இடுப்பில் அருவாள். இவர்களுக்கு நெஞ்சு நோய் எங்கிருந்து வரும் என்று நானே நினைத்தேன். டாக்டர் நினைப்பா அது! பீடி இருக்கிறது, உப்பு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, அப்பன் வழியில் வருவது இருக்கிறது. நடக்கிறவனுக்கு நோய் குறைவு, அவ்வளவுதான். வராமலே போய்விடாது.

வந்த புதிதில் எனக்குப் புரியாத ஒரு பேச்சு இருந்தது. யாரைப் பரிசோதித்தாலும், "ஏத்தம் ஏறிப் பாத்தாச்சுங்களே" என்பார்கள். பிறகுதான் விளங்கியது. இங்கே வீடும் காடும் பள்ளத்தில், ரோடு மேலே. இடையில் ஓர் ஏத்தம் இருக்கும், செங்குத்தாக, கல்லும் வேருமாக. எந்த நோவு வந்தாலும் முதல் வேலையாக அந்த ஏத்தத்தை ஏறிப் பார்ப்பார்கள். காய்ச்சல்காரன் ஏறுவான். பிள்ளை பெற்றவள் உடம்பு தேறியதும் முதன்முதலாகக் குழந்தையோடு ஏறுவாள், மேலே வந்து நின்றால்தான் "இனிப் பயமில்ல" என்பார்கள். படுத்துக் கிடந்த கிழவர் ஒருநாள் கோலை ஊன்றி ஏறி வந்துவிட்டால் ஊரே அவரைத் தேறினவர் கணக்கில் சேர்த்துவிடும். ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்தவர்களைத்தான் என்னிடம் கூட்டி வருவார்கள். அதாவது என் வாசலில் நிற்கிற எல்லாரும் பரீட்சையில் தோற்றவர்கள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால் பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் நாங்கள் செய்வதும் அதேதான். மார்பில் ஒயர்களை ஒட்டி, ஓடுகிற பட்டையில் ஆளை ஏற்றி, மேட்டைக் கூட்டிக்கொண்டே போய், நெஞ்சு தாங்குகிறதா என்று பார்க்கிறோம். ஆனால் அங்கே திரையில் ஓடும் ஈ.சி.ஜி. கோட்டைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்பார், கோடு கோணினால் பட்டையை நிறுத்திவிடுவார். இங்கே நிறுத்த ஆளில்லை. நெஞ்சு வலித்தால் முதலில் செய்ய வேண்டியது, இருந்த இடத்தில் உட்காருவது. இந்த ஜனங்கள் செய்வதோ நேர் எதிர். வலித்தால் சுமையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுகிறார்கள். எத்தனை கூட்டத்தில் சொன்னேன், எத்தனை பேரைத் திட்டினேன்! "சரீங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஏறுவார்கள்.

அப்படி ஏறிப் பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். ஐம்பது தாண்டிய ஆள். பைல் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளத்தில் வீடு, சுற்றிலும் மிளகுக் கொடி, கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, நாலைந்து பலா. வாய்க் கொழுப்பு ஜாஸ்தி, யாரையும் கிண்டல் செய்யாமல் அவரால் இரண்டு வார்த்தை பேச முடியாது. பலாப்பழக் காலத்தில் ஒரு காலை, மனைவி பின்னால் வர, அவரே நடந்து உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டை பிழிந்து எடுத்தாற்போல் நனைந்திருந்தது.

"காத்தால மாரைப் புடிச்சாப்பல இருந்துச்சுங்க. என்னன்னு பாப்பமுன்னு ஒரு பழத்தைத் தோள்ல வெச்சு ஏத்தம் ஏறிப் பாத்தனுங்க."

"நெஞ்சு வலியோடயா?"

"ஏறிட்டனுங்க! ஆனா வேர்வை நிக்கலை. சரி, ஒழுங்காப் பாக்கலையாட்ட இருக்குதுன்னு எறங்கி, இன்னொருக்கா ஏறினனுங்க. ரெண்டாவதுதான் கொஞ்சம் தள்ளாடிப் போச்சு."

ஈ.சி.ஜி. எடுத்த நர்ஸம்மா தாளை என் பக்கம் திருப்பினார். சந்தேகமே இல்லை, மாரடைப்பு. கொடுக்க வேண்டிய மாத்திரைகளைக் கொடுத்து மென்று விழுங்கச் சொல்லி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வண்டி வந்ததும் இவர் எழுந்து, "நானே நடந்து ஏறிக்கறனுங்க" என்று காலைக் கீழே வைத்தார்.

"உக்காருய்யா! இன்னும் ஒரு அடி எடுத்து வெச்சே, நெஞ்சு வலிக்கு முன்னாடி நானே உன்னைக் கொன்னுபோடுவேன்."

அந்த நிலையிலும் சிரித்தார் மனுஷன். மலையின் வளைவுகளில் அந்த வண்டி இறங்கிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் அடுத்தடுத்த நோயாளிகளைப் பார்த்தேன், ஆனால் யாரைப் பார்த்தேன் என்று ஞாபகமில்லை. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டியாச்சு என்று டிரைவர் போன் செய்த பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

பிழைத்துவிட்டார். சேலத்தில் அடைப்பை விரித்து, ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஊரில் அதற்கு ஸ்பிரிங் என்று பெயர். "என் நெஞ்சுல ஸ்பிரிங் இருக்குது, தொட்டா எகிறுவேன்" என்று நர்ஸம்மாவிடம் வம்பு பேசினார். நான் மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். இந்த இரண்டும் ரத்தம் கட்டாமல் இருக்க. நிறுத்தினால் ஸ்பிரிங்குக்குள் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் என்னிடம் வந்து சேரக்கூட நேரம் இருக்காது. கொஞ்ச நாளைக்கு ஏத்தம் ஏறக் கூடாது, பிறகு மெல்ல மெல்ல ஏறலாம். மாத்திரை மட்டும் நான் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. "சரீங்க" என்றார். அந்த "சரீங்க"வை நான் நம்பினேனா என்றால், இல்லை. ஆனால் நம்பாமல் வேறென்ன செய்வது? ஒரு டாக்டரின் கையில் இருப்பது வாய் ஒன்றுதான். மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற கை அவர்களுடையது. இத்தனை வருஷத்தில் என்னைக் களைக்க வைத்தது நோயல்ல, அந்த இடைவெளிதான்.

மிளகு பழுக்கத் தொடங்கிய சமயம் அவர் மனைவி தனியாக வந்தார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவரு மாத்திரையை நிறுத்திப்போட்டாருங்க."

"என்னது!"

"ஏத்தம் ஏறிட்டாருங்க. ஒரு மூட்டை கெழங்கோட, ஒரு எடத்துலகூட நிக்காம. மேல போய் நின்னுட்டு, 'பாத்தயா, எனக்கு ஒண்ணுமில்ல, இனி என்னத்துக்கு மாத்திரை'ன்னு கையில இருந்த அட்டையை அடுப்புல போட்டுட்டாருங்க."

நான் எழுந்துவிட்டேன். அப்போதே போய் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று செருப்பைக்கூடத் தேடினேன். அந்தம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இருங்க டாக்டரம்மா. அவரு போட்டது ஒரு அட்டைதான். மிச்சம் என்கிட்ட இருந்துச்சு. மறுநாள்லயிருந்து நானே பொடி பண்ணி, காலையில குடிக்கற கூழுல கரைச்சுக் குடுத்துட்டு வாரேனுங்க. அது தீந்துபோச்சு. அதுக்குத்தான் வந்தேன்."

"கசக்குமே!"

"மோரு நல்லாப் புளிச்சதா ஊத்திருவேனுங்க. அவரு பச்சை மொளகாயைக் கடிச்சுக்கிட்டே குடிப்பாரு. தெரியலீங்க."

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓர் ஆளுக்குத் தெரியாமல் அவருக்கு மருந்து கொடுக்கலாமா? கூடாது. படித்த புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் புத்தகம் எழுதியவர் இவரோடு குடித்தனம் நடத்தவில்லை. "சொல்லிருங்க அவர்கிட்ட" என்றேன். "சொன்னா எங்கையில தண்ணிகூட வாங்கமாட்டாருங்க. கூழும் போயிரும், மாத்திரையும் போயிரும்" என்றார். அந்த மாத்திரைகளில் ஒன்று மெல்லக் கரைய வேண்டியது, பொடிக்கக் கூடாது. நான் செய்ததெல்லாம், அதற்குப் பதில் பொடிக்கக்கூடிய ஒன்றை மாற்றி எழுதிக் கொடுத்ததுதான். சரியா தப்பா என்று இன்றுவரை எனக்கு முடிவு தெரியவில்லை.

அவரிடம் நேராகப் பேசிப் பார்க்காமலும் இல்லை. ஒருநாள் ஒரு முகாமுக்குப் போகிற வழியில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன். ரோட்டோரத்து மரம் ஒன்றில் மூங்கில் ஏணியைச் சாய்த்து, உச்சியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கீழே நின்று அண்ணாந்து கத்தினேன். "மாத்திரை போடறீங்களா, இல்லையா?"

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்! பாருங்க, மரத்து மேல நிக்கறது நான், மூச்சு வாங்கறது உங்களுக்கு. ஊட்ல மிச்சம் இருந்தா நீங்க போட்டுக்கங்க."

கீழே மிளகு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் என்னைப் பார்க்காமல் குனிந்து கூடையை நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஜீப்பில் போகும்போது நினைத்துக்கொண்டேன், ஆள் நன்றாக இருக்கிறார். ரத்தக் குழாய் திறந்திருக்கிறது, தசை வேலை செய்கிறது, தினமும் ஏறி இறங்குவதில் நெஞ்சு இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது. நான் சமவெளியில் ஒருவரிடம்கூடப் பார்க்காத பலன் அது. அதைச் சாதித்தது நானல்ல, ஒரு சட்டிக் கூழ்.

வினை, மாத்திரை வாங்கும் நாளில் வந்தது. மாதத்துக்கு ஒருநாள் பி.பி.க்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், நெஞ்சு நோய்க்காரர்கள் எல்லாரும் மொத்தமாக வந்து மாத்திரை வாங்குவார்கள். பெஞ்சு கொள்ளாமல் தரையிலும் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே இவர் கட்டை விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அருவாள் பட்டுவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் துணி முழுக்கச் சிவப்பு. பிரித்தால் பொங்குகிறது, அழுத்தினால் நிற்கிறது, விட்டால் மறுபடி பொங்குகிறது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுத்த மாத்திரை இரண்டும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. பின்னால் நின்ற அவர் மனைவிக்கும் அது தெரிந்தது என்று முகத்திலேயே பார்த்தேன். தெரியாதது அவருக்கு மட்டும்தான்.

"ரத்தம் எச்சா இருக்குதுங்க டாக்டரம்மா, அதான் நிக்கமாட்டீங்குது. ஏத்தம் ஏறுற ஒடம்பு பாருங்க!" என்றார் கூட்டத்துக்கே கேட்கும்படி. "இவங்களை எல்லாம் கெடுத்து வெச்சிருக்கீங்க. நான் மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாச்சு! ஸ்பிரிங் வெச்ச ஆளு நான். கெழங்கு மூட்டையோட ஏறறேன், மரத்துல ஏறறேன். எனக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க பாப்பம்?"

நான் அவர் விரலை அழுத்திப் பிடித்தபடி நின்றேன். ஒரு கிழவி, "நெசந்தானுங்களா?" என்று என்னைக் கேட்டார். மாத்திரைப் பையோடு நின்றிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் இவருடைய மச்சான், அதாவது அந்தம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். அவருக்கும் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. இவரைவிடப் பலவீனமான இதயம், என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒருநாள்கூட மாத்திரை தவறவிடாதவர். அவர் தம் கையிலிருந்த மாத்திரைக் கவரைப் பார்த்தார். பிறகு அதை மேஜை ஓரத்தில் மெதுவாக வைத்தார்.

"மாப்பிள்ளை சொல்றதும் சரியாத்தான இருக்குதுங்க. நானும் நேத்து ஏத்தம் ஏறிட்டேன். எனக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தம்மா பேசிவிட்டார்.

"அண்ணா, மாத்திரையை எடுத்துக்கங்க."

"எதுக்கு அம்மிணி? மாப்பிள்ளைதான்..."

"அவரு நிறுத்தலீங்ணா. நாந்தான் தெனமும் கூழுல கரைச்சுக் குடுத்துட்டு வாரேன். ஒருநாள்கூட உட்டதில்லை. டாக்டரம்மாவையே கேளுங்க."

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது, நானும் தலையை ஆட்டினேன். பிறகு அந்தக் கிழவி, "அட ஆத்தா, கூழுலயா!" என்று சிரித்தார். அவ்வளவுதான். பெஞ்சிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து வாசலுக்கு, கூடம் முழுக்கச் சிரிப்பு. மச்சான் திரும்பி வந்து கவரை எடுத்துக்கொண்டார்.

இவர் சிரிக்கவில்லை. என் பிடியில் இருந்த கட்டை விரலைப் பார்த்தார். "அப்ப இந்த ரத்தம்?" என்றார்.

"மாத்திரையாலதான் நிக்கலை."

"அப்ப இத்தனை நாளா ஏத்தம் ஏறுனது நானில்லீங்களா?"

"பின்ன, மாத்திரையா கால் மொளைச்சு ஏறுச்சு? நீங்கதான்" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே தொனியில் சொன்னேன். கூட்டம் மறுபடி சிரித்தது. அவர் விரலை நீட்டிக் காட்டினார். தையல் போட்டேன், ஊசி போட்டேன், அதற்கும் முனகவில்லை. மனைவியைப் பார்க்காமல் எழுந்து போனார்.

அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைப்பானேன். ஒருவர்கூட மாத்திரையை விட்டுவிட்டுப் போகவில்லை. விட்டிருந்தவர்கள் சிலர் திரும்பி வந்து கேட்டு வாங்கினார்கள். "கூழுல போட்டுக் குடுங்க" என்பது ஊரில் ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. மலைக்கு வந்த பிறகு எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை.

சில நாள் அவர் மனைவி கையால் எதுவும் சாப்பிடவில்லையாம். தானே கிழங்கு வேக வைத்துத் தின்றாராம். பிறகு கோபம் தணிந்தது. மாத்திரையை இப்போது தானே எண்ணி எடுத்துப் போட்டுக்கொண்டார், வேளை தவறாமல். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். ஏத்தத்தில் ஏறி அல்ல. சுற்றிக்கொண்டு வரும் மண் ரோட்டில், மச்சானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு மாதாமாதம் வந்தார். வரும்போதெல்லாம் கேள்வி. ஸ்பிரிங் துருப்பிடிக்குமா? பலமாகத் தும்மினால் நழுவுமா? இடது பக்கம் படுக்கலாமா? குனிந்து செருப்பு மாட்டலாமா? கிண்டல் என்று நினைத்து முதல் தடவை சிரித்துவிட்டேன். கிண்டல் இல்லை. ஈ.சி.ஜி. எடுத்தேன், நன்றாக இருந்தது. சேலத்துக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொன்னேன், அதுவும் நன்றாக இருந்தது. "எல்லாம் சரியா இருக்குது. ஏத்தம் ஏறுங்க. நல்லா நடங்க" என்றேன். மலையில் ஒருவரைப் பார்த்து இதைச் சொல்வேன் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் தலையை ஆட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் நன்றாகத் தெரியும். வயிறு வேறு லேசாகத் தள்ள ஆரம்பித்திருந்தது.

அந்த வருஷம் அவர் மரத்து மிளகை வேறு ஆட்கள் பறித்தார்கள். ஒரு மதியம் அவர் மனைவி வந்து, நான் கேட்காமலே உட்கார்ந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்.

"மாத்திரை போடறாரா?" என்றேன்.

"போடறாருங்க. எனக்கு முன்னாடி எந்திரிச்சுப் போடறாரு."

"அப்பறம் என்ன?"

"மரத்தாண்ட போறதில்ல. காட்டுக்குப் போறதில்ல. ஆரையும் ஏளனம் பேசறதில்லீங்க. களத்துல உக்காந்துக்கிட்டு நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு. ஆளைக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க டாக்டரம்மா. எம்பட ஊட்டுக்காரரைத்தான் காணோமுங்க."

சொல்லிவிட்டு அழுதார். நான் அதுவரை பார்த்த அத்தனை சங்கடத்திலும் அழாத அம்மா. மாத்திரைதான் உங்களை நடமாட வைக்கிறது என்று ஊரையே நம்ப வைக்கப் பாடுபட்டேன். ஒருவர் முழுசாக நம்பிவிட்டார். நம்பியதில், தன் உடம்பில் தனக்கென்று ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டார். இதய நோயைப் பற்றி நான் படித்ததெல்லாம் குழாயையும் தசையையும் பற்றியது. பயந்துபோன ஆளுக்கு எத்தனை மில்லிகிராம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அன்று நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்தம்மாவோடு ஜீப்பில் போனேன். ரோட்டில் இறங்கி, அவர்கள் ஏத்தத்தில் முதன்முறையாகக் காலை வைத்தேன். இறங்குவதற்கே என் முழங்கால் இரண்டும் கெஞ்சின. அந்தம்மா ஒரு கையைக் கொடுத்து இறக்கினார்.

களத்தில் யாரோ பறித்த மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு கல்லில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "என்னங்க, ரிப்போர்ட்ல ஏதாச்சும்?" என்றார்.

"ரிப்போர்ட்ல ஒண்ணுமில்ல. ஜீப்பு மேல நிக்குது. நான் திரும்பி ஏறணும். கூட வாங்க."

"நானுங்களா?"

"பின்ன யாரு, உங்க மிளகு மூட்டையா? வாங்க."

மனைவியைப் பார்த்தார். அந்தம்மா மிளகைக் கிளறிவிடக் குனிந்துகொண்டார். இவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கிணற்றுக்குள் காலை விடுகிறவர்போல முதல் கல்லில் காலை வைத்தார். பிறகு அடுத்த கல். வலது கை நெஞ்சின் மேலேயே இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் நின்று, கையை இன்னும் அழுத்திக்கொண்டு, அப்புறம்தான் அடுத்த அடி. எனக்கு முன்னால் அந்த முதுகு ஏறிக்கொண்டிருந்தது. பலாப்பழத்தோடு, அதுவும் மாரடைப்போடு, இதே இடத்தில் ஏறிய ஆள்.

"கையை எடுங்க" என்றேன்.

"வேண்டாமுங்க."

"ஏன்?"

திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"எடுத்தா நின்னு போயிருமாட்ட இருக்குதுங்க."

இந்த ஒரு தடவை எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு கல் ஏறி அவர் பக்கத்தில் போய், அந்தக் கையை நெஞ்சிலிருந்து விலக்கி என் கையில் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. இருவரும் அப்படியே நின்றோம். எனக்கும் மூச்சு வாங்கியது.

"இப்ப நின்னுருச்சா பாருங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கவனித்தார்.

"இல்லீங்க" என்றார். "அடிக்குதுங்க."

"அப்பறம் என்ன, ஏறுங்க."